தோளின் பாதி வேலை முதுகில்

முழுப் பாரை மீனொன்றை வாங்கி வீட்டில் வெட்டுகிற கிண்ணியாக்காரர் எவருக்கும் ஓர் எலும்பு பழக்கமானதாக இருக்கும். பூவைக் கழற்றிப் போட்ட பிறகு, தலைக்கும் உடலுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வளைந்து நின்று கத்தியைத் தடுக்கும் எலும்பு அது. பக்கச் செட்டை அதை அண்டித்தான் இருக்கும். ஆணத்தில் கிடந்தால் எடுத்து ஒதுக்கிவிடுவோம். அதுதான் மீனின் தோள்.

அந்த எலும்பின் மேல்நுனியைக் கவனித்துப் பாருங்கள். சின்னச் சின்ன எலும்புகள் வழியாக அது மண்டையோட்டின் பின்பக்கத்தோடு பிணைந்திருக்கும். தலையும் தோளும் இப்படி ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் மீனுக்குக் கழுத்து கிடையாது. பக்கத்தில் ஏதாவது அசைந்தால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்க அதனால் ஏலாது. முழு உடம்பும் திரும்பியாக வேண்டும். நீரில் வாழ்கிற உயிருக்கு அது ஒரு குறையே இல்லை. தரையை நோக்கி வந்த உயிர்களுக்குத்தான் அந்தக் கட்டு அவிழ வேண்டியிருந்தது.

அது அவிழ்ந்த காலத்தின் சாட்சி கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவுப் பாறையில், 2004ஆம் ஆண்டு கிடைத்தது. நீல் ஷூபினும் அவருடைய குழுவினரும் கண்டெடுத்து 2006இல் உலகுக்கு அறிவித்த டிக்டாலிக் என்ற அந்த உயிர் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. செதிலும் செட்டையும் மீனுக்குரியவை. ஆனால் தோளைத் தலையோடு கட்டியிருந்த எலும்புகள் அதில் இல்லை. செட்டைக்குள்ளே மேற்கை எலும்பும், அதன் கீழே முன்கை எலும்புகள் இரண்டும் இருந்தன. தலை தனியே திரும்பவும் தோள் தனியே அசையவும் தொடங்கிய காலம் அது. நம்முடைய கை அந்த வழியில்தான் வந்தது.

தரைக்கு வந்த பிறகு எல்லா விலங்கின் தோளும் ஒரே மாதிரி வளரவில்லை. ஹஜ் பெருநாளில் குர்பான் ஆட்டை உரித்து இறைச்சி பிரிக்கிறவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். பின்காலைக் கழற்ற இடுப்பு மூட்டைத் தேடிப் பிடித்து அறுக்க வேண்டும். முன்காலுக்கு அந்த வேலை இல்லை. விலாவுக்கும் காலுக்கும் நடுவே கத்தியைக் கொண்டுபோனால் தோள்பட்டை எலும்போடு கால் முழுதாகக் கழன்று வந்துவிடும். அங்கே அறுக்க மூட்டே கிடையாது, வெறும் தசைதான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் காறை எலும்பு இல்லாததால் முன்காலுக்கும் நெஞ்சுக்கும் எலும்புத் தொடர்பே இல்லை. கிண்ணியாத் தயிருக்குப் பால் தருகிற அந்தக் கனத்த எருமையின் நெஞ்சுக்கூடு முழுவதும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. நடக்கவும் ஓடவும் அது போதும். முன்கால் முன்னும் பின்னும் போனால் சரி. ஆனால் எருமையால் தன் முன்காலைப் பக்கவாட்டில் விரித்துத் தூக்க முடியாது.

நமக்குக் காறை எலும்பு இருக்கிறது. கழுத்தின் அடியில் நடுவே ஒரு குழி இருக்குமே, அதன் இரு பக்கமும் விரலை வையுங்கள். அங்கே தொடங்கித் தோளின் நுனிவரை தோலுக்கு அடியிலேயே தடவிக்கொண்டு போகலாம். நேராகப் போகாமல் முதலில் முன்பக்கம் வளைந்து பிறகு பின்பக்கம் வளையும். வளர்ந்த மனிதரில் நீளம் 15 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். மெல்லிய எலும்புதான். ஆனாலும் கைக்கும் உடற்கூட்டுக்கும் இடையே எலும்போடு எலும்பு சேர்கிற ஒரே மூட்டு, அது நெஞ்செலும்பைத் தொடும் அந்த உள்முனையில்தான் இருக்கிறது. ஒரு மூட்டை அரிசியைத் தோளில் ஏற்றினாலும், ஜனாஸாவின் சந்தூக்கைத் தோள் கொடுத்துத் தூக்கினாலும், எலும்பு வழியாக உடலைச் சேரும் பாரம் அந்தச் சிறு மூட்டைத்தான் கடந்தாக வேண்டும். மற்றதையெல்லாம் தசை தாங்குகிறது.

காறை எலும்பின் வேலை கையை நெஞ்சிலிருந்து தள்ளிப் பிடிப்பது. அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. காறை எலும்பு வளராமலோ அரைகுறையாகவோ பிறக்கிற குழந்தைகள் அரிதாக உண்டு; மரபணுக் குறையொன்றால் வருவது. அவர்களில் சிலரால் இரண்டு தோள்களையும் முன்னால் கொண்டுவந்து நாடிக்குக் கீழே ஒன்றோடொன்று தொடவைக்க முடியும். நம் தோள்கள் அப்படி உள்ளே மடிந்து விழாமல் காப்பது இந்த ஒற்றை எலும்புதான். தள்ளிப் பிடிப்பதற்கு அது கொடுக்கும் விலையும் உண்டு. தோள்பட வீழ்ந்தால் அடி நேரே அதற்குத்தான் போகிறது. உடலில் அடிக்கடி முறியும் எலும்புகளில் ஒன்று இது. முறிவுகளில் ஐந்தில் நான்கு அதன் நடுப்பகுதியில் நிகழ்கின்றன. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்ட பச்சைக் குழந்தைக்குக்கூட இது முறிவதுண்டு. நல்லவேளையாகக் குழந்தைகளில் மிக விரைவாகப் பொருந்திவிடும்.

இனி முதுகுக்கு வருகிறேன். தோள் என்றால் நாம் முன்னாலும் மேலாலும் தெரிகிற உருண்டையைத்தான் நினைக்கிறோம். என் எண்ணத்தில் தோளின் உண்மையான உழைப்பாளி நம் கண்ணுக்கே படாத தோள்பட்டை எலும்பு. முக்கோணமாக, தட்டையாக, சில இடங்களில் வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லியதாக, இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலாவரை மூடிக்கொண்டு கிடக்கிறது. விலாவோடு அதற்கு மூட்டு எதுவும் இல்லை. தசைப் படுக்கையின் மேல் மேலும் கீழும், முன்னும் பின்னும் நழுவுகிறது, சுழலவும் செய்கிறது. பதினேழு தசைகள் அதில் வந்து பற்றியிருக்கின்றன. பின்பக்கத்தில் ஓடும் அதன் முகடு வெளிப்பக்கமாக நீண்டு, தோளின் உச்சியில் கூரையாக முடிகிறது. அங்கேதான் காறை எலும்பின் வெளிமுனை அதைச் சந்திக்கிறது. முன்பக்கம் கொக்கியாக வளைந்த ஒரு முனை நிற்கிறது. கோழிக்கு அந்த இடத்தில் தனியான, தடித்த எலும்பே இருக்கிறது. சிறகை அடிக்கும்போது நெஞ்சுக்கூடு நசுங்காமல் முட்டுக்கொடுப்பது அதுதான். நமக்கு அதன் மிச்சம் அந்தக் கொக்கி.

தோள்பட்டையின் வெளி ஓரத்தில் ஆழமற்ற ஒரு குழி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதில் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். தேக்கரண்டியின் மேல் தேசிக்காயை வைத்தது போலத்தான் இருக்கிறது. எந்த நேரத்திலும் அந்த உருண்டையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. தொடை எலும்பின் தலையை ஆழமான கிண்ணத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் இடுப்பு மூட்டோடு ஒப்பிட்டால், தோள் எலும்பின் காவலைப் பெரும்பாலும் கைவிட்ட மூட்டு. அதற்குப் பதிலாகக் கிடைத்தது அசைவு. உடலில் இவ்வளவு திசைகளில், இவ்வளவு தூரம் அசையும் மூட்டு வேறில்லை.

எலும்பு விட்ட காவலை மற்றவை பகிர்ந்துகொண்டிருக்கின்றன. குழியின் விளிம்பைச் சுற்றி நார்க்குருத்து வளையமொன்று ஓடி ஆழத்தைக் கூட்டுகிறது. மூட்டைச் சவ்வுப் பை மூடியிருக்கிறது. அந்தப் பைக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர் சில துளிகள்தான்.

இந்தப் பையைப் பற்றி 1985இல் வி. பி. குமார், பி. பாலசுப்பிரமணியம் என்ற இரு மருத்துவர்கள் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழில் எழுதிய ஆய்வொன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இறந்தவர்களின் உடலில் தோளைச் சுற்றிய தசைகளையெல்லாம் அகற்றிவிட்டு, மூட்டுப் பையை மட்டும் கிழியாமல் விட்டார்கள். கை தொங்கியது, ஆனால் உருண்டை குழியை விட்டு இறங்கவில்லை. பிறகு பையில் சிறு துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டார்கள். உருண்டை கீழே நழுவிவிட்டது. உள்ளே காற்று இல்லாத வரை, வெளியே நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தமே கையைத் தோளோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. கையைத் தொங்கவிட்டு நாம் சும்மா நிற்கும்போது நடப்பது இது. எந்தத் தசையும் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை.

கை அசையத் தொடங்கியதும் பொறுப்பு நான்கு தசைகளுக்குப் போகிறது. நான்கும் தோள்பட்டையில் பிறந்து, மேற்கை எலும்பின் தலையை முன்னாலும் மேலாலும் பின்னாலும் தழுவிப் பிடிக்கின்றன. கையைத் தூக்குவது இவற்றின் முதல் வேலையல்ல. வெளியே உள்ள பெரிய தசை கையைத் தூக்கும்போது உருண்டை மேலே ஏறிக் கூரையில் இடிக்காமல் குழிக்குள் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. கூரைக்கும் உருண்டைக்கும் நடுவே இருப்பது ஒரு சென்ரிமீற்றர் அளவு இடைவெளி. நான்கில் ஒன்றின் தசைநார் அந்த ஒடுங்கிய வழியாகத்தான் போகிறது. நடுவயதுக்குப் பின் நைந்து கிழிவதும் பெரும்பாலும் அதுதான்.

இப்போது ஒரு சோதனை. கையைத் தொங்கவிட்டு, பெருவிரல் பூமியைப் பார்க்கும்படி உள்ளே திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் மெல்ல உயர்த்துங்கள். தோள் மட்டத்தை அண்டியதும் தடைப்படும். அங்கிருந்தே உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புங்கள். கை மேலே போய்விடும். மேற்கை எலும்பின் தலையில் புடைத்திருக்கும் முடிச்சு கூரைக்கு அடியில் சிக்கியதும், கையைத் திருப்பியபோது அது பின்னால் ஒதுங்கியதும்தான் காரணம்.

இன்னொன்றுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அவர் தன் விரலை உங்கள் தோள்பட்டையின் கீழ்நுனியில் வைக்கட்டும். நீங்கள் கையை மேலே தூக்குங்கள். தொடக்கத்தில் அந்த நுனி அவ்வளவாக நகராது. பிறகு விலாவைச் சுற்றிக்கொண்டு அக்குள் பக்கமாக வெளியே வரும். கலிபோர்னியாவில் இன்மன், சோண்டர்ஸ், அபொட் ஆகியோர் 1944இல் இதை அளந்து எழுதினார்கள். கை தொங்கும் நிலையிலிருந்து தலைக்கு மேல் நேராக நிற்கும்வரை உள்ள 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகையை மூட்டும், மீதி 60 பாகையைத் தோள்பட்டையின் சுழற்சியும் தருகின்றன. அந்த நேரத்தில் காறை எலும்பும் உயர்ந்து, தன்மேல் தானே பின்னோக்கி உருள்கிறது. வளைந்த எலும்பாதலால் அப்படி உருளும்போது அதன் வெளிமுனை இன்னும் உயர்ந்துவிடுகிறது. பின்னால் தோள்பட்டை உடன்படாவிட்டால் கை முழு உயரத்துக்குப் போவதில்லை.

திருகோணமலையில் கோணேசர் சந்நிதியில் தலைக்கு மேல் கைகுவித்து நிற்பவரின் தோள் இந்த முழுத் தூரத்தையும் கடக்கிறது. தொழுகையில் தக்பீர் சொல்லிக் கைகளைக் காதளவு உயர்த்துகிறவருக்கு உயரம் அவ்வளவு வேண்டாம். உள்ளங்கை கிப்லாவை நோக்கும்படி மேற்கை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். சுஜூதில் கைகள் உடலின் பாரத்தில் ஒரு பங்கை ஏற்கின்றன. அப்போது தோள்பட்டை விலாவை விட்டு எழும்பாமல் பிடித்திருப்பது, விலாக்களிலிருந்து புறப்பட்டு அதன் உள்விளிம்பில் போய்ப் பற்றும் ஒரு தசை. அதற்குப் போகும் நரம்பு பழுதானால் சுவரைக் கையால் தள்ளும்போது தோள்பட்டை முதுகிலிருந்து பிரிந்து புடைத்து நிற்கும்.

கரைவலை இழுக்கும் இடத்தில் தோளைப் பார்ப்பது எனக்கு மிகவும் விருப்பம். கொட்டியாரக் குடாவின் கரையில் அதிகாலையில் தோணி போய் வலையை வளைத்து வந்ததும், இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் பிடிக்கிறார்கள். மடி கரைக்கு வர நெடுநேரம் செல்லும். பழகியவர் முழங்கையை மடக்கி இழுப்பதில்லை. கை நீண்டிருக்கும்; உடல் பின்னால் சாயும்; குதிக்கால் மணலில் புதையும். அந்த நேரத்தில் கயிறு மேற்கை எலும்பைக் குழியிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. நான்கு தசைகள் அதை உள்ளே அழுத்துகின்றன. முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் நடுவே உள்ள தசைகள் தோள்பட்டையைப் பின்னால் இழுத்து நிறுத்துகின்றன. இடுப்பிலும் கீழ்முதுகிலும் தொடங்கி அக்குளைச் சுற்றி மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் முடியும் பெருந்தசை, கையை நேரே இடுப்போடு கட்டிவிடுகிறது. கால் உதைத்த பலம் இந்த வழியாகக் கயிற்றுக்குப் போகிறது. புதிதாக வந்தவர் கைத்தசையால் இழுப்பார். பின்னேரம் தோளின் முன்பக்கம் வலிக்கும்.

வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்துக்கும் இங்கே உடலியல் பயன் உண்டு. விடாமல் இறுகி நிற்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. ஒரு இழுப்பு, ஒரு தளர்வு என்று மாறிமாறி வந்தால் தளரும் ஒவ்வொரு முறையும் இரத்தம் உள்ளே போகிறது. விஞ்சு பூட்டிய உழவு இயந்திரம் கயிற்றைச் சுருட்டும் கரைகளில் இந்த உழைப்பும் பாட்டும் இல்லை.

வீச்சுவலை வேறு கதை. எறிவதற்கு ஏற்ற தோள் மனிதக் கிளையில் பிற்பாடு வந்தது. எத்தியோப்பியாவில் டிக்கிகாவில் கிடைத்த, 33 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தையொன்றின் தோள்பட்டையில் குழி இன்னும் குரங்கினத்தைப் போல மேல்நோக்கியே இருந்தது. மரம் ஏற அது வசதி. நம் குழி பக்கவாட்டைப் பார்க்கிறது. நீல் ரோச்சும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, கையைப் பின்னால் ஓங்கும்போது தோளின் நார்களும் தசைநார்களும் இழுபட்டுச் சக்தியைச் சேமிக்கின்றன. எறியும்போது அது ஒரே கணத்தில் விடுபடுகிறது. அந்த வடிவம் ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிறைவு பெற்றதாக அவர்கள் கருதுகிறார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. முழங்கையைப் பற்றி உலகமே பேசிய முத்தையா முரளிதரனுக்கு 2004இல் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது தோளில்தான்.

எலும்பின் காவல் குறைந்த மூட்டு என்பதால், உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவதும் தோள்தான். கையை வெளியே விரித்து உயர்த்தியிருக்கும்போது பின்னால் தள்ளுப்பட்டால் உருண்டை முன்பக்கமாக வெளியேறும். நூற்றில் தொண்ணூற்றைந்தளவு விலகல்கள் இப்படித்தான். தோளின் வட்டம் போய்ச் சதுரமாகத் தெரியும். எகிப்தில், இபுய் என்பவரின் கல்லறைச் சுவரில் 3,200 ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஓவியத்தில், ஒருவர் மற்றொருவரின் கையைப் பிடித்துத் தோளைச் சரிசெய்வதாகத் தெரிகிறது. விலகிய தோளைச் சரிசெய்ய 1870இல் கோக்கர் என்ற மருத்துவர் எழுதிய முறையோடு அதை ஒப்பிட்டவர்கள் உண்டு. நம் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் விலகிய தோளை எக்ஸ்ரே எடுக்காமல் திருகக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. விலகலோடு எலும்பு முறிந்திருக்கலாம். உருண்டைக்குக் கீழே சுற்றிப்போகும் நரம்பு நசுங்கியிருக்கலாம். தோளின் வெளிப்புறத் தோலைத் தொட்டால் மரத்திருப்பது அதன் அடையாளம். இருபது வயதுக்குட்பட்டவருக்கு ஒருமுறை விலகினால் மறுபடி விலகும் வாய்ப்பு மிக அதிகம். விலகலில் கிழிந்த நார்க்குருத்து வளையம் தானாகப் பழைய இடத்தில் ஒட்டாததே பெரும்பாலும் காரணம்.

இதற்கு நேர்மாறான நோயும் இதே மூட்டுக்கு வருகிறது. மூட்டுப் பை தடித்துச் சுருங்கித் தோள் இறுகிவிடுகிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் அதிகம் வரும். சீனி வருத்தம் உள்ளவர்களை மற்றவர்களைவிடப் பல மடங்கு தாக்கும். இரத்தத்தில் கூடிய சீனி நார்ப்புரதத்தோடு ஒட்டி அதன் நெகிழ்வைக் குறைப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முதலில் இரவு வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்லத் தளர்வு என்று ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரை இழுக்கலாம். முதலில் குறைவது மேற்கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு. அதனால் தக்பீரில் ஒரு கை மற்றதைவிடத் தாழ்ந்து நிற்பதை, வலி பெரிதாகும் முன்னரே ஒருவர் தன்னில் கண்டுகொள்ளலாம். பெண்களுக்குத் தலைமுடி முடிவதிலும் முதுகுப்பக்கம் கை கொண்டுபோவதிலும் தெரியும். “கை தூக்க ஏலாது காக்கா” என்று சொல்லிக் கையைக் கட்டிப்போட்டு வைப்பவர்கள் பலர். வலி தாங்கும் எல்லைக்குள் நாளும் அசைத்துக்கொண்டே இருப்பதுதான் இதற்கு வேண்டியது. வலிக்க வலிக்கப் பிறர் பிடித்து முறுக்குவது கூடாது. தோளுக்கு மருந்து கேட்டு வருகிற நாற்பது கடந்தவருக்குச் சீனி பார்த்துவிடுவதும் நல்லது.

வயதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவில் ஐந்து, ஆறாம் கிழமையில், உடலின் மற்ற எந்த எலும்புக்கும் முன்னால் எலும்பாகத் தொடங்குவது காறை எலும்பு. அதே எலும்பின் உள்முனைதான் கடைசியாக வளர்ந்து முடிகிறது. இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகலாம். ஒருவர் பதினெட்டைக் கடந்தவரா என்று அறிய வேண்டியபோது சட்ட வைத்தியர்கள் அந்த முனையைப் படமெடுத்துப் பார்ப்பது அதனால்தான். மேற்கை எலும்பின் நீளத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, தோளுக்குள் இருக்கும் வளர்ச்சித் தட்டிலிருந்து வருகிறது. அந்தத் தட்டு பதின்வயது முடியும்வரை திறந்தே இருக்கும். அதாவது நாற்பது வயதுக்காரரும் பதினைந்து வயதுப் பையனும் ஒரே கயிற்றை இழுத்தாலும், ஒரே மைதானத்தில் பந்தெறிந்தாலும், இருவர் தோளிலும் இருப்பது ஒரே மூட்டல்ல. பெரியவரில் தசைநார் நையும் இடத்தில், பையனில் வளர்ச்சித் தட்டு விரிந்துவிடுகிறது. கிழமைக்கணக்கில் வேகப்பந்து வீசிய பையன் தோளின் மேற்பகுதி வலிக்கிறது என்றால், தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தடவி மறுநாள் மறுபடி வீசவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்து இரண்டு தோளையும் ஒப்பிட்டால் தட்டு அகன்றிருப்பது தெரியும். அதற்கு மருந்து ஓய்வு. பல வேளைகளில் மூன்று மாதம்வரை அவன் பந்தைத் தொடாமல் இருக்க வேண்டிவரும்.